ஓடாத பெட்டியில் உறைந்த பீர்

ஜனவரி மாதம், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸை ஒட்டிய ஒரு புறநகர். நான் மாடியில் வாடகைக்கு இருந்தேன், வீட்டுக்காரர் கீழே. ஒரு சனிக்கிழமை மதியம் கேரேஜிலிருந்து அவர் குரல் கொடுத்தபோது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இறங்கிப் போனேன். கார் நன்றாகத்தான் இருந்தது. மூலையில் நின்ற கறுப்புப் பெட்டியின் தலைமேல் இருக்கும் குழாயின் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கதவைத் திறந்தோம். உள்ளே விளக்கு எரிந்தது. பீப்பாயிலிருந்து மேலே ஏறும் பிளாஸ்டிக் டியூபை விரலால் அழுத்திப் பார்த்தேன். குச்சி ஐஸ் போல விறைத்திருந்தது. பின்னால் போய்க் காதை வைத்துக் கேட்டால், கம்ப்ரஸரிடமிருந்து மூச்சுப் பேச்சே இல்லை.

“ஃப்ரிட்ஜ்தான் ஓடவில்லையே, அப்புறம் எப்படி உறைந்தது?” என்றார்.

ஓடாமலேயே உறைய முடியும் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு காப்பி குடிக்கும் நேரம் பிடித்தது.

அந்தக் கறுப்புப் பெட்டிக்கு கெகரேட்டர் என்று பெயர். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாட்டில்களுக்குப் பதிலாக ஒரு முழு எஃகுப் பீப்பாய் உள்ளே நிற்கிற மாதிரி செய்த ஃப்ரிட்ஜ். பீப்பாய் பக்கத்திலோ பெட்டியின் முதுகிலோ ஒரு சின்ன கரியமில வாயு சிலிண்டர். அந்த வாயு பீரை அழுத்தி, டியூப் வழியாக மேலே உள்ள குழாய்க்கு ஏற்றுகிறது. அமெரிக்க வீடுகளில் இது கேரேஜிலோ நிலவறையிலோ நிற்கும். வாங்குகிறவர்கள் பெட்டியின் நிறத்தையும் குழாயின் பளபளப்பையும் பார்த்து வாங்குகிறார்கள். எங்கே வைப்பது என்ற கேள்வி வண்டியிலிருந்து இறக்கும்போதுதான் வருகிறது. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். அது செய்வது இறைப்பு வேலை. உள்ளே கசிந்து வரும் வெப்பத்தை அள்ளி அள்ளி வெளியே கொட்டுகிறது, ஓட்டைப் படகில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பவனைப் போல. எப்போது இறைக்க வேண்டும் என்று சொல்வது தெர்மோஸ்டாட். அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான்: உள்ளே 3 டிகிரியைத் தாண்டிவிட்டதா? தாண்டினால் கம்ப்ரஸரை எழுப்பும், இல்லையென்றால் தூங்கவிடும். மினசோட்டா ஜனவரியில், சூடேற்றாத கேரேஜுக்குள் காற்று பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கிறது. வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வரவில்லை, உள்ளிருந்து வெளியே நழுவுகிறது. பெட்டியின் உட்புறம் 3-லிருந்து 1, பூஜ்யம், மைனஸ் 4 என்று இறங்க இறங்க, தெர்மோஸ்டாட்டின் பதில் மட்டும் மாறவே இல்லை: “தாண்டவில்லை, தூங்கு.” வெளியேற்றத்தான் அந்த இயந்திரத்துக்குத் தெரியும், சூடேற்றத் தெரியாது.

சாதாரண பீர் மைனஸ் 2 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும். பீப்பாயில் 58 லிட்டர் இருக்கிறது, அது ஒரே ராத்திரியில் குளிர்ந்துவிடாது. ஆனால் டியூபின் உள்விட்டம் 5 மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே ஒரு பிடி திரவம், சுற்றிலும் குளிர்ந்த காற்று. அதுதான் முதலில் போய்விட்டது. வீட்டுக்காரர் கண்ட வைத்தியம் பெட்டிக்குள்ளே 40 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டது. குளிர வைக்க வாங்கிய பெட்டியைச் சூடாக்க ஒரு விளக்கு! சிரிப்பாக இருந்தாலும் அந்த ஊரில் பலரும் செய்வது இதுதான்.

இதே பெட்டியை அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கேரேஜில் வைத்தால் கதை தலைகீழ். ஜூலையில் அங்கே பகல் வெப்பம் 43, 44 டிகிரிக்குப் போவது சர்வ சாதாரணம், மூடிய கேரேஜுக்குள் அதற்கும் மேல். வீட்டுக்குள் 25 டிகிரி, கேரேஜில் 45 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போடலாம். பெட்டிக்குள் 3. வித்தியாசம் முதல் இடத்தில் 22, இரண்டாம் இடத்தில் 42. உள்ளே கசியும் வெப்பம் வித்தியாசத்துக்கு ஏற்பக் கூடும், எனவே கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதோடு முடிந்தால் பரவாயில்லை. அந்த வெப்பத்தின் ஒவ்வொரு பிடியையும் இப்போது முன்பைவிட உயரமான மேட்டில் ஏற்றிக் கொட்ட வேண்டும். அதற்கான உழைப்பும் வித்தியாசத்தோடு சேர்ந்தே கூடுகிறது. இரட்டிப்பை இரட்டிப்பால் பெருக்குகிறோம். எந்த இழப்பும் இல்லாத, காகிதத்தில் மட்டுமே ஓடும் இயந்திரத்துக்குக்கூட வேலை மூன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. வெளிவெப்பம் 20 டிகிரி கூடியதற்கு இந்தத் தண்டனை. நிஜ கம்ப்ரஸர் பகலெல்லாம் ஓயாமல் ஓடி, மாலையில் பீரை 8 டிகிரியில் கொடுக்கும்.

சரி, வீட்டுக்குள்ளேயே வைத்துவிடலாமா? வைக்கலாம், ஆனால் இறைத்த வெப்பம் அந்த அறையில்தான் விழும். சில பெட்டிகளுக்குச் சூடான காற்று முன்பக்கக் கீழ்க் கம்பி வழியாக வெளியேறும், சிலவற்றுக்கு முதுகுப்புறமாக. முதுகில் மூச்சுவிடும் பெட்டியை மர அலமாரிக்குள் அழகாகச் செருகிவைத்தால், அது தன் வெந்த மூச்சைத் தானே மறுபடி இழுக்கும். சமையலறை மூலையிலேயே நமக்கு ஒரு ஃபீனிக்ஸ்.

வைக்கும் இடத்தின் வெப்பம் மின்கட்டணத்தோடு நின்றுவிடுவதில்லை. பீரின் நுரையிலும் அது கைவைக்கிறது. எப்படி என்று பார்க்க 1803-க்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வில்லியம் ஹென்றி என்ற வேதியியலாளர், நீரில் எவ்வளவு வாயு கரைகிறது என்று அளந்துகொண்டிருந்தார். அப்பா தாமஸ் ஹென்றி வாயு கலந்த தண்ணீரைத் தயாரித்து விற்றவர், ஆக சோடாக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர் கண்டது: திரவத்தின் மேல் வாயு எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவுக்கு அது உள்ளே கரைகிறது. அழுத்தம் இரட்டித்தால் கரைவதும் இரட்டிக்கும். இந்த விதி வெப்பநிலை மாறாதவரைதான். சூடு ஏறினால் அதே அழுத்தத்தில் கரைவது குறைந்துவிடும்.

நமக்கு விருப்பமான அளவில் குமிழி விடும் பீர், ஒரு லிட்டருக்குள் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் கரியமில வாயுவை ஒளித்து வைத்திருக்கிறது. 3 டிகிரியில் அதை உள்ளே பிடித்து வைக்க 12 பி.எஸ்.ஐ. போதும். பஞ்சர் கடையில் பைக் டயருக்கு அடிக்கும் காற்றில் பாதிகூட இல்லை. அதே பீர் 21 டிகிரிக்கு வந்துவிட்டால் அதைப் பிடித்து வைக்க 30 பி.எஸ்.ஐ. வேண்டும், அதாவது அசல் டயர் அழுத்தம். சிலிண்டரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை 12-லேயே விட்டுவிட்டு பீரைச் சூடாக விட்டால், கரைந்த வாயுவில் ஐந்தில் இரண்டு பங்கு போல வெளியேறப் பார்க்கும். அது வெளியேறும் வடிவம்தான் நுரை.

விருந்துக்கு வந்தவர்களில் முதல் ஆளுக்கு எப்போதும் நுரை மட்டுமே கிடைப்பது ஏன் என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. பீப்பாய் பெட்டிக்குள் 3 டிகிரியில் நிற்கிறது. குழாயோ பெட்டியின் தலைக்கு மேல், ஒரு சாண் உயரத் தூணின் உச்சியில், அறையின் வெப்பத்தில். தூணுக்குள் தங்கிய பீர் சூடாகி, வாயுவைக் கைவிட்டுவிடுகிறது. முதல் கிளாஸில் விழுவது அதுதான். இரண்டாவது கிளாஸுக்குள் குளிர்ந்த பீர் தூணையும் குளிரவைத்துவிடும். கம்ப்யூட்டருக்குள் சுற்றுமே, அந்தச் சின்ன மின்விசிறி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, ஒரு ஹோஸ் வழியாகக் குளிர்ந்த காற்றைத் தூணுக்குள் ஊதவிட்டால் முதல் ஆளுக்கும் பீர் கிடைக்கும். உள்ளே பத்தடி நீளத்துக்குச் சுருட்டி வைத்த டியூபைப் பார்த்து “இது எதற்கு வீணாக” என்று வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. வீணில்லை. அந்த 12 பி.எஸ்.ஐ. முழுதும் வழி நெடுக உராய்ந்து தீர்ந்து, குழாய் வாயில் பீர் சாதுவாக வந்து இறங்குவதற்குத்தான் அந்தச் சுருள். வெட்டினால் அது சீறிக்கொண்டு வரும்.

கொலராடோவின் டென்வர் நகரம் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குடிபோகிறவர் ரெகுலேட்டர் முள்ளை இரண்டரை பி.எஸ்.ஐ. போலக் கூட்டி வைக்க வேண்டும். முள் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும்தான், மலைமேல் வெளிக்காற்றே மெலிந்துவிடுகிறது. இடம் என்பதற்குள் உயரமும் அடக்கம்.

அப்படியானால் நிலவறைதான் சரியான இடம். மண்ணுக்குள் புதைந்த அறை, கோடையிலும் குளிரிலும் பெரிதாக மாறாது, வெயில் படாது. நானும் அங்கேதான் வைக்கச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. அதன் காரணம் ஒரு பீர் ஆலையில் தொடங்குகிறது.

1767-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வந்தார். வீட்டை ஒட்டி ஒரு பீர் ஆலை. நொதிக்கும் தொட்டிகளின் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு தேங்கி நிற்பதை அவர் கவனித்தார். எரியும் குச்சியை அதற்குள் நீட்டினால் அணைந்தது. அணைந்த குச்சியின் புகை அந்த வாயுவோடு கலந்து, தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தரையை நோக்கி வழிந்தது. புகை கீழே இறங்குவதைப் பார்த்த மனிதர் அதோடு விடவில்லை. அந்த வாயுவைத் தண்ணீரில் கலப்பது எப்படி என்று 1772-இல் ஒரு சிறுநூலே வெளியிட்டார். நம் ஊர் கோலி சோடாவுக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது.

அந்த வாயு நம் கரியமில வாயுதான், காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கெகரேட்டரில் பொதுவாக இருப்பது 5 பவுண்டு சிலிண்டர், அதாவது 2.27 கிலோ வாயு. கையில் தூக்கிப் போகிற சாமான்தான். ஆனால் அது முழுதும் வெளியே வந்தால் 1,200 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். நிலவறையில் படிக்கட்டுக்கு அடியில் இரண்டு மீட்டருக்கு இரண்டரை மீட்டர் அளவில், 2.4 மீட்டர் உயரத்தில் ஒரு சாமான் அறை. மொத்தம் 12,000 லிட்டர் காற்று. ரெகுலேட்டர் வாஷர் ஒன்று தேய்ந்து ஒரே ராத்திரியில் சிலிண்டர் காலியானால், கதவு இறுக மூடியிருந்தால், அந்தக் காற்றில் பத்தில் ஒரு பங்கு கரியமில வாயு. 4 சதவீதத்தையே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்து வைத்திருக்கிறது. 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். கதவிடுக்கில் கொஞ்சம் போகும், படிக்கட்டில் கொஞ்சம் ஏறும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் நிலவறையின் சின்ன அடைப்பு அறை வேண்டாம், திறந்த பக்கமாக வையுங்கள், கரியமில வாயுவை அளக்கும் அலாரம் ஒன்றை முழங்கால் உயரத்தில் மாட்டுங்கள். அதுதான் நிபந்தனை. புகை அலாரத்தைப் போல உத்தரத்தில் மாட்டினால் அது கடைசியில்தான் கத்தும். மூக்குக்குள் சோடா குடித்தாற்போலச் சுருக்கென்றால், நின்று யோசிக்காமல் மேலே ஏறிவிட வேண்டும்.

இடம் பார்த்து வைத்தாயிற்று, பீரும் ஒழுங்காக வருகிறது. இனிதான் வில்லங்கம்: ஜூன் மாதம் வரும், பின்கட்டில் விருந்து என்பார்கள், பெட்டியில் சக்கரம் வேறு இருக்கிறது.

அரை பேரல் என்று சொல்லும் பெரிய பீப்பாய் நிறைந்திருக்கும்போது 73 கிலோ. பெட்டி தனியாக ஒரு 50 கிலோ. ஆக ஒன்றேகால் குவிண்டால் எடை, உள்ளங்கைக்குள் அடங்கும் நான்கு சக்கரங்களில். அவை சிமென்ட் தரைக்குப் பிறந்தவை. புல்தரையில் இறக்கினால் அங்கேயே ஊன்றிக்கொள்ளும். அப்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான், தலைமேல் இருக்கும் தூணைப் பிடித்துத் தள்ளுவது. அந்தத் தூண் நான்கு திருகாணியில் நிற்கிறது.

பக்கத்து ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பிக்கப் வண்டியில் படுக்கவைக்கத் தோன்றும். கம்ப்ரஸர் என்பது மூடிய எஃகுச் சட்டி. உள்ளே மோட்டாரும், அதன் அடியில் கொஞ்சம் எண்ணெயும். பெட்டியைப் படுக்கவைத்தால் எண்ணெய் இடம்பெயர்ந்து குழாய்களுக்குள் ஓடிவிடும். போய் இறக்கியவுடன் ஸ்விட்சைப் போட்டால், எண்ணெய் இல்லாத மோட்டார் சுற்றும், எண்ணெய் அடைத்த குழாய் திணறும். படுக்கவைத்துக் கொண்டுபோனதை ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். விருந்து அதற்குள் முடிந்திருக்கும்.

சிலிண்டரை வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றித் தனியாகத்தான் எடுத்துப் போக வேண்டும். அதற்குள்ளே பாதிக்கு மேல் இருப்பது திரவம். 20 டிகிரியில் அதன் அழுத்தம் வெளிக்காற்றைப் போல 57 மடங்கு. 31 டிகிரியைத் தாண்டும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது: திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே இருந்த கோடே அழிந்துபோய், இரண்டும் இல்லாத ஒரே பொருளாகிவிடுகிறது. கண்ணாடிக் குப்பியில் இதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், திரவத்தின் மேற்பரப்பு மங்கி, மங்கி, இல்லாமலே போகும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 50 டிகிரி வந்துவிட்டால், நிறைந்த சிலிண்டரின் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் எகிறும். வெடிக்காமல் இருக்க வால்வில் ஒரு மெல்லிய தகடு வைத்திருக்கிறார்கள், அதுவே முதலில் கிழியும். அப்படிக் கிழிந்தால் அந்த 1,200 லிட்டரும் காருக்குள்ளே. சிலிண்டரைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், ஓட்டும்போது ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

பீப்பாய் வழியெல்லாம் குலுங்குமே, அழுத்தம் ஏறிவிடாதா? கோலி சோடாவைக் குலுக்கித் திறந்த யாருக்கும் வரும் சந்தேகம்தான். வாயுவும் திரவமும் ஏற்கெனவே சமாதானமாகிவிட்ட மூடிய பாத்திரத்தில், வெப்பம் மாறாதவரை, குலுக்கல் அழுத்தத்தைக் கூட்டாது. மேலே இருந்த வாயுவைக் கண்ணுக்குத் தெரியாத பொடிக் குமிழிகளாகத் திரவம் முழுக்கத் தூவிவிடுகிறது, அவ்வளவே. திறந்தவுடன் கரைந்திருந்த வாயு அத்தனை குமிழிக்குள்ளும் ஓடிப் புகுந்து வீங்குகிறது. எனவே பீப்பாயை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் போதும். குலுக்கல் மறந்துபோகும், சூடு மறந்துபோகாது.

அந்தச் சூட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டால், பெட்டியை நகர்த்தும் ஆசையே போய்விடும். வெப்பத்தை அளக்க நாம் சொல்லும் ஜூல் என்ற பெயரும் ஒரு பீர் ஆலைக்காரரின் மகனுடையது, மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்த ஜேம்ஸ் ஜூல். கடையிலிருந்து 20 டிகிரியில் வந்த 58 லிட்டர் பீப்பாயை 3 டிகிரிக்கு இறக்க, ஏறக்குறைய 4,100 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். வீட்டுப் பெட்டி நொடிக்கு 100 ஜூல் வீதம் பீப்பாயிலிருந்து இழுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பதினொன்றரை மணி நேரம். நடைமுறையில் ஒரு முழு நாள் விடுவார்கள். ஐஸ் என்ன செய்கிறது? ஒரு கிலோ ஐஸ் உருகி நீராக மட்டும் 334 கிலோஜூலை விழுங்கும். அதே 4,100 கிலோஜூலுக்கு 12 கிலோவும் சில்லறையும் போதும். 19 லிட்டர் சின்னப் பீப்பாய் என்றால் 4 கிலோ. வெயிலுக்கும் தொட்டிக்கும் சேர்த்து இரட்டிப்பாகவே வாங்குங்கள், அப்போதும் மலிவு.

உருகுவதில் ஐஸுக்கு இருக்கும் இந்த நிதானம் லேசுப்பட்டதல்ல. 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 180 டன் ஐஸைக் கப்பலில் அனுப்பினார் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி. நான்கு மாதப் பயணம், நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்தும் 100 டன் போல மிஞ்சியது. சென்னைக் கடற்கரையில் அவருடைய ஐஸைச் சேர்த்து வைக்கக் கட்டிய வீடு இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். அந்த வட்டாரத்துக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பேர்.

ஆக, நகர வேண்டியது பீப்பாய் மட்டும். குப்பை போடும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, பீப்பாயை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் ஐஸைக் கொட்டி, மேலே தண்ணீரும் ஊற்ற வேண்டும். வெறும் ஐஸ் கட்டி எஃகை அங்கங்கேதான் தொடும், தண்ணீர் எங்கும் தொடும். கையில் பிடித்து ஊற்றும் சின்ன பிளாஸ்டிக் குழாயும், சிலிண்டரும் போதும். காற்றடிக்கும் கைப்பம்பும் கிடைக்கிறது. ஆனால் அது அடிப்பது ஆக்ஸிஜன் உள்ள காற்று, மறுநாளே பீர் சப்பிப்போகும், அன்றைக்கே தீர்த்துவிடுகிற கூட்டத்துக்கு மட்டும்தான் அது. கூட்டம் பெரிதாக இருந்து, பீப்பாயை ஐஸில் வைக்க வசதியில்லாவிட்டால் ஜாக்கி பாக்ஸ் என்று ஒன்று உண்டு: ஐஸ் பெட்டிக்குள் நீளமான எஃகுச் சுருள். பீப்பாய் வெளியே 21 டிகிரியில் நிற்கும், பீர் சுருளுக்குள் ஓடும்போதே குளிர்ந்துவிடும். அதற்கு ரெகுலேட்டரை 30 பி.எஸ்.ஐ. அளவில் வைக்கிறார்கள். மேலே 21 டிகிரி பீரைப் பிடித்து வைக்கத் தேவை என்று பார்த்த அதே 30. அத்தனை அடி நீளச் சுருளில் உராய்ந்து தீரவும் அவ்வளவு வேண்டியிருக்கிறது. ஒரே எண் இரண்டு கணக்குக்கும் பொருந்தி வருவதைப் பார்த்தபோது எனக்கு, கல்யாணத்தில் பந்தியும் இலையும் சரியாக முடிந்தது போல ஒரு திருப்தி.

அந்த ஜூனில் வீட்டுக்காரர் முதலில் பெட்டியைத்தான் உருட்டப் பார்த்தார். கேரேஜ் வாசல் விளிம்பில் முன்சக்கரம் இறங்கி நின்றதும், என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே தள்ளினார். சின்னப் பீப்பாயை மட்டும் ஆளுக்கொரு கைப்பிடியாகத் தூக்கிக்கொண்டு போய், ஆப்பிள் மரத்தடியில் வைத்த தொட்டியில் இறக்கினோம். மாலை எட்டு மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. ஐஸ் பாதி கரைந்து, பீப்பாய் லேசாகித் தண்ணீரில் சாயத் தொடங்கியது, எவ்வளவு மிச்சம் என்று அதைப் பார்த்தே சொல்ல முடிந்தது. எல்லோரும் போன பிறகு தொட்டித் தண்ணீரைத் தக்காளிச் செடிகளுக்கு ஊற்றினார். விளக்கை அணைக்க கேரேஜுக்குப் போனேன். உள்ளே ஒன்றுமே இல்லாத பெட்டி, கர்மசிரத்தையாக ஓடிக்கொண்டிருந்தது.